யாருக்குப் பயிற்சி?

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஞாபக சக்திக்கு மருந்து கேட்டால் முதலில் வல்லாரைக் கீரையைத்தான் சொல்வார்கள். வாய்க்கால் ஓரத்தில் தானாக முளைத்துக் கிடக்கும். பரீட்சை சமயத்தில் அதைப் பறித்து வந்து துவையல் அரைத்துப் பிள்ளைகளுக்குப் போடாத தாய்மார்கள் குறைவு. அந்தத் துவையலைத் தின்றவர்களில் சிலர் தேறினார்கள், சிலர் தேறவில்லை. தேறினால் வல்லாரைக்குப் பெருமை. தேறாவிட்டால் பிள்ளைக்குத் திட்டு. எப்படியும் கீரைக்குக் கெட்ட பெயர் வந்ததில்லை.

இப்போது அதே சரக்கு வேறு உருவத்தில் வருகிறது. 'மூளைப் பயிற்சி' என்று பெயர். செல்போனில் வருகிறது, பெட்டியில் வருகிறது, பிள்ளைகளுக்கான வகுப்பாகவும் வருகிறது. தினம் பத்து நிமிஷம் ஆடினால் ஞாபகம் வளரும் என்கிறார்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. பிள்ளைகளின் பரீட்சையை நினைத்துப் பயப்படும் பெற்றோர் ஒரு வகை. பெற்றோரின் மறதியைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகள் மற்றொரு வகை. இரண்டு பயமும் நியாயமான பயந்தான். ஆனால் நியாயமான பயத்தின் மேல் ஒரு வாக்குறுதியை ஒட்டி விற்கலாமா? விற்காமல் இனாமாகவே கொடுத்தாலும், அன்பினாலேயே கொடுத்தாலும், அந்த வாக்குறுதியை ஒட்டலாமா? கும்பகோணத்தில் ஒரு மரப்பெட்டி என்னை இந்தக் கேள்வியில் கொண்டுபோய் நிறுத்தியது.

என் தங்கை வீடு மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. என் தாயாரும் அங்கேதான் இருக்கிறாள். தங்கை மகன் ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். சென்ற கோடை விடுமுறையில் அவனும், எதிர்வீட்டுப் பையனும், அடுத்த தெருவிலிருந்து ஒரு பெண்ணும் சேர்ந்து மின்சார விளையாட்டுப் பெட்டி ஒன்று செய்ய ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் கண்காட்சியில் வைப்பதாகத் திட்டம். மூன்று பேரும் அதுவரை ஒரு டார்ச் விளக்கைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை.

விளையாட்டு அவர்கள் கண்டுபிடித்ததல்ல. 1978-ல் அமெரிக்காவில் 'சைமன்' என்ற பெயரில் வந்தது. ரால்ஃப் பேர், ஹோவர்ட் மாரிசன் என்ற இருவர் உண்டாக்கியது. பேர் என்பவர் ஹிட்லர் ஆட்சிக்குத் தப்பி 1938-ல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சேர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை. வட்டமான பெட்டியில் நாலு வர்ண விளக்குகள். பெட்டி முதலில் ஒரு விளக்கை ஏற்றிக் காட்டும்; நீங்கள் அதை அழுத்த வேண்டும். பிறகு அந்த விளக்கும் இன்னொன்றும். பிறகு மூன்று. இப்படி ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும். தவறினால் ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு ஸ்வரம் உண்டு. எந்த வரிசையில் வந்தாலும் காதுக்கு இனிமையாக இருக்க வேண்டும் என்பதற்காகப் பட்டாளத்துப் பியூகிள் ஊதலின் நாலு ஸ்வரங்களைப் பேர் எடுத்துக்கொண்டாராம். நம் பிள்ளைகள் ச, க, ப, மேல் ச என்று வைத்துக்கொண்டார்கள். தெருக்கோடியில் கல்யாண மண்டபம் இருக்கிற ஊர். காது அதற்குள் பழகியிருக்கிறது.

சாமான்கள் சென்னை ரிச்சி தெருவிலிருந்து வந்தன. மூளையாக இருப்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு ஆர்டுயினோ பலகை. மின்சாரம் படிக்காத மாணவர்களும் எதையாவது செய்து பார்க்கட்டும் என்று 2005-ல் இத்தாலியில் இவ்ரியா என்ற ஊரில் தொடங்கிய முயற்சி அது. நாலு விளக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெஸிஸ்டர், நாலு பட்டன், ஒலிக்க ஒரு பஸ்ஸர், கொஞ்சம் ஒயர். அவ்வளவுதான். எல்லாவற்றையும் வைக்க என் தாயாரின் பழைய அஞ்சறைப் பெட்டியைக் கேட்டு வாங்கினார்கள். நாலு அறைக்கு நாலு விளக்கு, நடு அறையில் பஸ்ஸர். கடுகு வாசனை போகவில்லை.

நான் அந்த வாரம் அங்கே இருந்தேன். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த பௌதிகம் எனக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. ஆகவே வேடிக்கை பார்க்கும் சுகம் முழுமையாகக் கிடைத்தது.

முதல் நாள் ஒரு விளக்கும் எரியவில்லை. விளக்கின் இரண்டு கால்களில் நீளமான கால் எந்தப் பக்கம் என்று பார்த்து மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் எரியாது. இரண்டாம் நாள் எரிந்தன. ஆனால் யாரும் தொடாமலே பட்டன்கள் அழுத்தப்பட்டதாகப் பலகை நினைத்துக்கொண்டது. எங்கும் சேராமல் அந்தரத்தில் நிற்கும் கம்பி முனை, காற்றில் அலையும் மின் சலனத்தையெல்லாம் செய்தியாக எடுத்துக்கொள்ளுமாம். அதை ஒரு நிலையில் கட்டிவைக்க வேண்டும். கட்டினார்கள். மூன்றாம் நாள், ஒரு தடவை அழுத்தினால் நாலைந்து தடவை அழுத்தியதாகக் கணக்குக் காட்டியது. பட்டனுக்குள் இருக்கும் தகடு, தொட்டதும் ஒட்டிக்கொள்வதில்லை. சில்லென்று சில தடவை குதித்துவிட்டுத்தான் உட்காருகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புத் துடிக்கிற அந்தச் சில்லுக்கு எல்லாம் தெரிகிறது. முதல் தொடுதலுக்குப் பிறகு ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் எதையும் காதில் போட்டுக்கொள்ளாதே என்று சொல்லிக்கொடுத்த பிறகு சரியாயிற்று.

நாலாம் நாள் நடந்ததுதான் விசேஷம். பெட்டி வேலை செய்தது. பையன்கள் இருவரும் மாறி மாறி ஆடினார்கள். பத்து, பதினைந்து, இருபது வரிசை வரை போய்விட்டார்கள். "பார்த்தீங்களா மாமா, ஒரே நாளில் எவ்வளவு ஞாபகம் வந்துட்டது!" என்று குதித்தான் தங்கை மகன். அந்தப் பெண் மட்டும் பேசாமல் ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். "டேய், ஒவ்வொரு தடவை சுவிட்சைப் போடும்போதும் அதே வரிசைதாண்டா வருது" என்றாள். உண்மைதான். தாறுமாறாக ஒரு எண் சொல்லு என்று கேட்டால் அந்தப் பலகை தனக்குத் தெரிந்த ஒரே பாடத்தை முதலிலிருந்து ஒப்பிக்கிறது. அணைத்துப் போட்டால் மறுபடியும் அதே பாடம். இவர்களுக்கு வளர்ந்தது ஞாபக சக்தி இல்லை. அந்த ஒரு பாடந்தான் நெட்டுரு ஆகியிருந்தது. பரிகாரம் என்ன தெரியுமா? இரண்டாம் நாள் தொந்தரவு கொடுத்த அதே அந்தரத்துக் கம்பிதான். எதிலும் சேராத ஒரு முனையை வேண்டுமென்றே விட்டுவைத்து, அது பிடிக்கும் சலனத்திலிருந்து ஆரம்ப எண்ணை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஆட்டமும் புதிது. பையன்களின் இருபது, ஒன்பதுக்கு இறங்கியது.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெட்டியின் மூடியில் ஒட்டுவதற்கு அவர்களே எழுதிய விளம்பரம்: 'ஞாபக சக்தியைப் பெருக்கும் மின்னணு மூளைப் பயிற்சிக் கருவி.' "மாமா, நீங்க கதை எழுதறவர்தானே? இதைக் கொஞ்சம் அழகா எழுதிக் கொடுங்க" என்றான். கதை எழுதுகிறவனிடம் ஏன் இதைக் கொண்டுவந்தார்கள் என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் பேனாவை எடுக்கக் கை வரவில்லை.

ஏனென்றால் இந்த விஷயத்தைப் பெரியவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1980-ல் அமெரிக்காவில் கார்னகி மெலன் சர்வகலாசாலைக்காரர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். சாதாரணக் கல்லூரி மாணவன் ஒருவனை உட்காரவைத்து, விநாடிக்கு ஒன்றாக எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். ஆரம்பத்தில் அவனால் ஏழு எண்தான் முடிந்தது. உங்களாலும் என்னாலும் அவ்வளவுதான் முடியும். ஒன்றரை வருஷத்துக்கு மேல், ஏறக்குறைய 230 மணி நேரம் பழகினான். கடைசியில் 79 எண்களை வரிசை பிசகாமல் சொன்னான்! அவன் ஓட்டப்பந்தயக்காரன். 3, 4, 9, 2 என்று கேட்டால் 3 நிமிஷம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனைக்குக் கிட்டத்தட்ட வரும் நேரம் என்று முடிச்சுப் போட்டுக்கொள்வான். சரி, இவ்வளவு வளர்ந்த ஞாபகத்தை வேறொன்றில் பார்ப்போம் என்று எண்ணுக்குப் பதிலாக எழுத்துக்களைச் சொன்னார்கள். ஆறு எழுத்தோடு நின்றுவிட்டான்.

சதுரங்கத்திலும் இதே கதைதான். விசுவநாதன் ஆனந்த் பிறந்தது நம் மாயவரத்தில். ஆகவே இதைச் சொல்ல நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. நல்ல ஆட்டக்காரர்களுக்கு உண்மையான ஆட்டத்தின் நடுவிலுள்ள பலகையை ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்தால், ஏறக்குறைய எல்லாக் காய்களையும் இடத்தில் வைத்துவிடுவார்கள். அதே காய்களை அர்த்தமில்லாமல் இறைத்துக் காட்டினால், ஆட்டம் கற்க வந்தவனுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1973-ல் வந்த ஆராய்ச்சி இது.

மூளைப் பயிற்சி விளையாட்டுக்களையே நேராகச் சோதித்ததும் உண்டு. இங்கிலாந்தில் பி.பி.சி.யின் துணையோடு 11,430 பேரை ஆறு வாரம் ஆடவைத்தார்கள். முடிவு 2010-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வந்தது. ஆடிய விளையாட்டில் எல்லோரும் தேர்ந்தார்கள். ஆடாத விஷயத்துக்கு, எவ்வளவு நெருக்கமான விஷயமானாலும், அந்தத் தேர்ச்சி போய்ச் சேரவில்லை. 65 வயது தாண்டிய ஏறக்குறைய 2,800 பேரை வைத்து அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. பத்து வருஷம் கழித்துப் பார்த்து 2014-ல் எழுதினார்கள்: யோசனைப் பயிற்சிக்கும் வேகப் பயிற்சிக்கும் அந்தந்தக் காரியத்தில் பலன் கொஞ்சம் மிஞ்சியிருந்தது; ஞாபகப் பயிற்சியின் பலன் மிஞ்சவில்லை. 2016-ல் 'லுமாசிட்டி' என்ற மூளைப் பயிற்சி விளையாட்டை விற்ற கம்பெனி, ஆதாரமில்லாத வாக்குறுதிகளைச் சொன்னதாக அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷன் போட்ட வழக்கில் 20 லட்சம் டாலர் கட்டி விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டது. வயதானால் வரும் மறதியைப் பற்றிய பயத்தை அந்தக் கம்பெனி பயன்படுத்திக்கொண்டது என்பதும் குற்றச்சாட்டில் ஒன்று.

அப்படியானால் மனிதர்கள் பெரிய ஞாபகங்களை வளர்த்ததே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். கும்பகோணத்திலேயே பதில் இருக்கிறது. ராஜா வேத காவ்ய பாடசாலைப் பக்கம் காலையில் போனால் பிள்ளைகள் சொல்லும் சத்தம் கேட்கும். கன பாடம் என்று ஒரு முறை உண்டு. முதல் சொல், இரண்டாம் சொல். பிறகு இரண்டு, ஒன்று. பிறகு ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று, இரண்டு, ஒன்று. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. அடுத்து இரண்டாம் சொல்லிலிருந்து இதே போலத் தொடங்க வேண்டும். இப்படியே வேதம் முழுவதும்! சைமன் பெட்டி இதன் முன்னால் குழந்தை விளையாட்டு. ஆனால் ஞாபக சக்தி வளரட்டும் என்றா இதைச் செய்தார்கள்? ஒரு சொல் இடம் மாறக்கூடாது, ஒரு ஸ்வரம் பிசகக்கூடாது, கேட்டதைக் கேட்டபடி அடுத்தவனிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். அவர்களுக்குக் காப்பாற்ற ஒரு பொருள் இருந்தது. அதைக் காப்பாற்றக் கிடைத்த வழி ஞாபகம். தேவாரம் ஓதுகிற ஓதுவாருக்கும் அப்படித்தான்.

சாரங்கபாணி சந்நிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜனை எடுத்துக்கொள்ளுங்கள். பையின் மதிப்பையும் இரண்டின் வர்க்க மூலத்தையும் எத்தனை ஸ்தானம் வேண்டுமானாலும் சொல்லித் தோழர்களை ஆச்சரியப்படுத்துவாராம். சம்ஸ்கிருத தாதுக்களின் ஜாபிதா முழுவதையும் ஒப்பிப்பாராம். அதே மனிதர் 1904-ல் உபகாரச் சம்பளத்தோடு இந்த ஊர் அரசினர் கல்லூரியில் சேர்ந்து, கணக்கைத் தவிர மற்றதில் கவனம் செல்லாமல், எஃப். ஏ. வகுப்பில் தவறி, அந்தச் சம்பளத்தையும் இழந்தார். ஞாபகத்துக்கு என்ன குறை? மனம் போன இடத்துக்கு அது போயிற்று.

இதையெல்லாம் அந்த மூன்று பேரிடமும் என்னால் முடிந்தவரை சொன்னேன். எதிர்வீட்டுப் பையனுக்கு ஏமாற்றம். "அப்போ சும்மா விளையாட்டுன்னு எழுதினா யார் மாமா வந்து பார்ப்பாங்க?" என்றான். சரியான வியாபாரி ஆவான். தங்கை மகன் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரவு மொட்டை மாடியில் படுத்திருந்தபோதுதான் மெதுவாகக் கேட்டான்: "தினம் பத்து நிமிஷம் ஆடினா பாட்டிக்கு என் பேர் மறக்காதில்லே மாமா?"

என் தாயாருக்கு 82 வயது. இரண்டு வருஷமாக மறதி. காப்பி குடித்த கையோடு காப்பி கேட்பாள். சில நாள் பேரனை என் பெயரால் கூப்பிடுவாள். சில நாள், "நீ யார் வீட்டுப் பிள்ளையப்பா?" என்று அன்பாகவே விசாரிப்பாள். அந்த அன்புதான் அவனுக்குத் தாங்கவில்லை.

ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். சிறு பையன், நம்பிக்கையோடு இருக்கட்டும், நம்பிக்கையும் ஒரு மருந்துதானே என்று சொல்கிற நல்லவர்கள் பலர் உண்டு. அவர்களோடு எனக்கு ஒத்துவராத இடம் ஒன்று இருக்கிறது. தினம் பயிற்சி செய்தால் ஞாபகம் நிற்கும் என்று சொல்லிவிட்டோமானால், ஞாபகம் நிற்காதபோது யாரைக் குற்றம் சொல்வோம்? பெட்டியைச் சொல்ல மாட்டோம். "அம்மா சரியா ஆடலே, நேத்து ரெண்டு தடவை விட்டுட்டா" என்போம். வல்லாரை தின்ற பிள்ளைக்குக் கிடைத்த திட்டு இந்த வயதில் அவளுக்குக் கிடைக்கும். பேரனும் தன்னையே குறை சொல்லிக்கொள்வான்: இன்னும் கொஞ்சம் கட்டாயப்படுத்தியிருந்தால் பேர் மறந்திருக்காதோ என்று. நோய் ஒரு சுமை. அது உன் சோம்பலால் வந்தது என்பது இன்னொரு சுமை. அந்த இரண்டாவதை ஏற்ற எனக்கு மனம் இல்லை. "இல்லேடா, அதுக்கு இது மருந்து இல்லே. டாக்டர் கொடுக்கிறதை ஒழுங்கா கொடுப்போம். இது விளையாட்டு" என்றேன். வெகு நேரம் புரண்டுகொண்டிருந்தான்.

மறுநாள் எப்படியும் பாட்டி முன்னால் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தான். அவள் முதலில் பார்த்தது விளக்கை இல்லை. "இதுலே கடுகு இங்கேல்ல இருக்கும்?" என்று பச்சை விளக்கு இருந்த அறையைத் தொட்டாள். கடுகு இருந்த அறை அதுதான். பிறகு ஆட்டம். ஒன்று சரியாக அழுத்தினாள். இரண்டு அழுத்தினாள். மூன்றில் தவறினாள். பெட்டி 'பர்ர்' என்று கத்தியது. கையை இழுத்துக்கொண்டாள். மறுபடியும் ஒன்று; மறுபடியும் 'பர்ர்'. "எனக்கு எதுக்குப்பா இப்போ பரீட்சை?" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலையில் வாசலில் பதினைந்து புள்ளிக் கோலத்தைப் பிசகில்லாமல் போடுகிறவள் அவள். சிக்குக் கோலத்தின் கோடு எங்கே வளையும், எங்கே வந்து சேரும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். அவளிடம் எஞ்சியிருக்கிற அந்த ஞாபகத்தைக் கேட்காமல், போய்விட்டதைத் தேடித் தேடிக் கேட்டுத் தவறினால் கத்துகிற ஒரு வாத்தியாரை நாங்கள் பெட்டிக்குள் உட்காரவைத்திருந்தோம்.

பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அந்தப் பெண் மட்டும் வந்து உட்கார்ந்துகொண்டு அவனோடு ஏதோ திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். கடையில் வாங்கிய பெட்டியாயிருந்தால் மூடி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தானே செய்ததால் அதைப் பிரித்து யோசிக்க முடிந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் ஆட்டம் தலைகீழாக இருந்தது. பெட்டி ஒன்றும் கேட்காது. பாட்டி இஷ்டம்போல் அழுத்துவாள். இரண்டு விநாடி கையை எடுத்தால், அவள் அழுத்தியதை அழுத்திய வரிசையில் பெட்டி திருப்பி வாசிக்கும். 'பர்ர்' கிடையாது. வரிசையை நினைவில் வைக்கும் வேலை பெட்டிக்கு. அந்தப் பலகையில் அதற்கு 2,048 எழுத்துக்கு இடம் இருக்கிறதாம். சுவிட்சை அணைத்தால் அதுவும் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

அம்மா நாலைந்து அழுத்தினாள். பெட்டி திருப்பிச் சொன்னது. "அட, கிளிப்பிள்ளை மாதிரி சொல்றதே!" என்று சிரித்தாள். மறுபடி நீளமாக அழுத்தினாள், சரியாகச் சொல்கிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். சோதிக்கிற இடத்தில் இப்போது அவள் இருந்தாள். ச, ப, ச என்று ஒரு தரம் கூடவே முணுமுணுத்தாள்.

இதனால் அவள் மறதி குறையவில்லை. காப்பி குடித்த கையோடு காப்பி கேட்பது அப்படியே இருக்கிறது. பையன் பெயரை ஒரு நாள் சொல்கிறாள், ஒரு நாள் சொல்வதில்லை. அந்தப் பெட்டியைப் போன வாரம் பார்த்தது நினைவில்லாமல் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சிரிக்கிறாள். என் தங்கை மகனைப் பற்றிக் கேட்டால், மின்சாரத்தில் அவனுக்குத் தெரிந்தது கொஞ்சம் கூடியிருக்கிறது. பாட்டியின் முகத்தைப் பார்த்துத் தன் காரியத்தைத் திருத்திக்கொள்ளவும் தெரிந்திருக்கிறது. இது கணக்குப் பாடத்துக்கோ வேறெதற்கோ போய்ச் சேரும் என்று நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். அந்த ஓட்டக்காரனின் ஆறு எழுத்து எனக்கு மறக்கவில்லை.

கண்காட்சிக்குப் பெட்டி இரண்டு விதமாகவும் ஆடும்படி போயிற்று. பக்கத்தில் ஒரு சின்ன சுவிட்ச். மூடியில் ஒட்டிய விளம்பரத்தை அவர்களே எழுதினார்கள்: 'நாலு விளக்கு, நாலு ஸ்வரம். ஆடிப் பாருங்கள்.' கூடவே பூர்த்தி செய்ய வேண்டிய படிவத்தில் 'பயன்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் பையன், 'என் பாட்டி விளையாடுகிறாள்' என்று எழுதியிருந்தான். அந்தப் பெண்ணுக்கு அது திருப்தியில்லை. 'பட்டன் குதிப்பதை நிறுத்தக் கற்றுக்கொண்டோம்' என்று எழுத வேண்டும் என்றாள். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கட்டம் சிறியது, இரண்டாவது வரி வெளியே ஓரத்தில் ஓடியிருக்கிறது.